“இங்கிலீஷ் நமக்கு ஏலாது” என்று ஒதுங்க வேண்டாம்: ஜீமெட் பரீட்சையின் வேர்பல் பகுதியும் வேலை பார்க்கும் எமது இளைஞர்களும்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றில் எம்.பி.ஏ. படிக்க வேண்டும் என்ற ஆசை எமது இளைஞர்கள் பலருக்கு இருக்கிறது. வங்கியிலோ கணக்காய்வு நிறுவனத்திலோ மென்பொருள் கம்பனியிலோ நாலைந்து வருடம் வேலை பார்த்தவர்களிடம் பேச்சுக்கொடுத்தால் அந்த ஆசை வெளியே வரும். கூடவே ஒரு தயக்கமும் வரும்: “ஜீமெட் எடுக்கணுமே. கணக்குப் பகுதி பிரச்சினையில்லை. இங்கிலீஷ் பகுதிதான் நமக்கு ஏலாது.” இந்த ஒரு வார்த்தையோடு எத்தனையோ விண்ணப்பங்கள் எழுதப்படாமலே போகின்றன.

நான் கட்டுகஸ்தோட்டையைச் சேர்ந்தவன். கண்டியில் கணக்குத் துறையில் முழுநேர வேலை. வேலையோடுதான் இந்தப் பரீட்சைக்குப் படித்தேன். இப்போது விடுமுறை நாட்களில் எமது ஊர்ப் பிள்ளைகள் சிலருக்கு இதைச் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து ஒரு விடயத்தை உறுதியாகச் சொல்ல முடியும். வேர்பல் பகுதி சோதிப்பது ஆங்கிலப் புலமையையல்ல. ஒரு வாதத்தை நிதானமாக வாசித்து, அதில் எது முடிவு, எது ஆதாரம், எங்கே ஓட்டை என்று பிரித்துப் பார்க்கும் பழக்கத்தையே அது சோதிக்கிறது. அந்தப் பழக்கத்தை வேலை பார்த்துக்கொண்டே வளர்த்துக்கொள்ளலாம்.

முதலில் பரீட்சையின் அமைப்பைப் பார்ப்போம். 2023 நவம்பரில் ஜீமெட் புதிய வடிவத்தில் அறிமுகமானது. பழைய வடிவம் 2024 ஜனவரியோடு நிறுத்தப்பட்டது. இப்போது கணிதம், வேர்பல், தரவுப் பகுதி என மூன்று பிரிவுகள். ஒவ்வொன்றுக்கும் 45 நிமிடம். கணிதத்தில் 21, வேர்பலில் 23, தரவுப் பகுதியில் 20 என மொத்தம் 64 கேள்விகள். மொத்தப் புள்ளி 205 முதல் 805 வரை. மூன்று பிரிவுகளுக்கும் சமமான எடை.

புதிய வடிவத்தில் வந்த பெரிய மாற்றம், வாக்கியத் திருத்தக் கேள்விகள் முற்றாக நீக்கப்பட்டதுதான். ஆங்கில இலக்கணத்தை நேரடியாகச் சோதித்தவை அவைதான். இன்று வேர்பலில் எஞ்சியிருப்பவை இரண்டு வகை மட்டுமே. ஒன்று, ஒரு பந்தியை வாசித்து விடையளிக்கும் வாசிப்புக் கேள்விகள். மற்றையது, ஒரு சிறு வாதத்தைத் தந்து அதைப் பலப்படுத்து, பலவீனப்படுத்து, அதன் அனுமானத்தைச் சொல் என்று கேட்கும் தர்க்கக் கேள்விகள். பழைய புத்தகம் கைவசம் வைத்திருப்பவர்கள் வாக்கியத் திருத்த அத்தியாயங்களைத் தாராளமாக விட்டுவிடலாம். வாசிப்பு, தர்க்கப் பகுதிகள் இன்றும் பயன்படும்.

சரி, இது ஆங்கிலப் பிரச்சினையா, தர்க்கப் பிரச்சினையா? கீழேயுள்ள கேள்வியைத் தமிழிலேயே தருகிறேன். இது நானே அமைத்த மாதிரிக் கேள்வி. பரீட்சையில் வருவதும் இதே பாணியில்தான் இருக்கும். விளக்கத்தை வாசிக்க முன்னர் நீங்களே விடையைத் தெரிவுசெய்து பாருங்கள்.

கண்டி நகரிலுள்ள துணிக்கடையொன்று கடந்த மாதம் முதற்தடவையாகச் சமூக ஊடகங்களில் விளம்பரம் செய்தது. அந்த மாதம் அதன் விற்பனை முந்திய மாதத்தைவிட 40 வீதம் கூடியது. எனவே, விற்பனை கூடியதற்கு விளம்பரமே காரணம் என்று உரிமையாளர் முடிவுசெய்தார். இந்த முடிவை மிகவும் பலவீனப்படுத்துவது எது?

அ) விளம்பரத்துக்கு எதிர்பார்த்ததைவிட அதிகம் செலவானது.
ஆ) விளம்பரம் எதுவும் செய்யாத பக்கத்துத் துணிக்கடைகளிலும் அதே மாதம் ஏறக்குறைய அதேயளவு விற்பனை கூடியது.
இ) கடைக்கு வந்தவர்களில் சிலர் அந்த விளம்பரத்தைப் பார்த்திருக்கவில்லை.
ஈ) அடுத்த மாதம் வேறு கடைகளும் விளம்பரம் செய்யவிருக்கின்றன.
உ) விளம்பரத்தைப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள்.

விடை ‘ஆ’. விளம்பரமே செய்யாத கடைகளிலும் வியாபாரம் கூடியிருந்தால், வேறேதோ பொதுவான காரணம் இருந்திருக்க வேண்டும். அது நோன்பின் கடைசிப் பத்தாக இருந்திருக்கலாம், சித்திரைப் புத்தாண்டாக இருந்திருக்கலாம். கடை வைத்திருக்கும் எமது ஆட்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் நான் கேட்டவர்களில் கணிசமானோர் ‘அ’ அல்லது ‘இ’ என்றார்கள். ‘அ’ விளம்பரத்தைப் பற்றிக் குறையாகப் பேசுகிறது, அதனால் சரிபோலத் தெரிகிறது. ஆனால் இங்கே கேள்வி விளம்பரம் இலாபமா நட்டமா என்பதல்ல. அது விற்பனையைக் கூட்டியதா என்பதுதான். ‘இ’யில் ‘சிலர்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். சிலர் பார்க்காவிட்டால் என்ன, மற்றவர்கள் பார்த்துவிட்டு வந்திருக்கலாமே. ‘ஈ’ அடுத்த மாதத்தைப் பற்றியது. ‘உ’ யார் பார்த்தார்கள் என்று சொல்கிறதே தவிர, வாங்கினார்களா என்று சொல்லவில்லை.

தாய்மொழியிலேயே இந்தக் கேள்வி தடுமாற வைக்கிறது என்றால், பிழை ஆங்கிலத்தில் இல்லை என்பது தெளிவு. அதனால்தான் வேர்பல் புள்ளியைக் கூட்டுவதற்காக ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குக் காசு கட்டுவதும், கடினமான சொற்களைப் பட்டியல் போட்டு மனனம் செய்வதும் பயன் தருவதில்லை. சொல்வளத்தை நேரடியாகச் சோதிப்பது ஜீ.ஆர்.ஈ. பரீட்சை. பேச்சையும் எழுத்தையும் சோதிப்பது ஐ.ஈ.எல்.டி.எஸ். இவை வேறு வேறு பரீட்சைகள். ஒன்றுக்குச் செய்யும் ஆயத்தம் மற்றையதற்குப் போதாது. பெரும்பாலான வணிகக் கல்லூரிகள் ஜீமெட், ஜீ.ஆர்.ஈ. இரண்டையும் ஏற்றுக்கொள்கின்றன. ஆகவே கணக்கில் கெட்டி, ஆனால் சொல்வளம் குறைவு என்று நினைப்பவருக்கு ஜீமெட்தான் பொருத்தமானது.

அதற்காக ஆங்கில வாசிப்பே வராதவர் எழுதிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. அலுவலகத்தில் வரும் அறிக்கையையும் மின்னஞ்சலையும் அகராதியின்றி விளங்கிக்கொள்ளும் அளவு ஆங்கிலம் வேண்டும். அது இருந்தால் அடித்தளம் போதும். மேலே கட்ட வேண்டியது தர்க்கத்தை.

தர்க்கக் கேள்விக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முறை எளிமையானது. முதலில் கேள்வியை வாசியுங்கள், பிறகு வாதத்தை. வாதத்தில் முடிவு எது என்று விரலை வைத்துக் காட்டுங்கள். அதற்குத் தரப்பட்ட ஆதாரம் எது என்று பாருங்கள். இரண்டுக்கும் நடுவே சொல்லாமல் விடப்பட்டது என்ன என்று உங்கள் சொந்தச் சொற்களில், தமிழிலேயே, மனதுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். அதன் பிறகுதான் விடைகளைப் பார்க்க வேண்டும். நேரே விடைகளுக்குப் போனால், ஐந்தும் ஐந்து பக்கம் இழுக்கும்.

வாசிப்புப் பந்திகள் வணிகம், சமூகவியல், விஞ்ஞானம் என்று பல துறைகளிலிருந்து வரும். அந்தத் துறை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பந்தியும் எதற்காக எழுதப்பட்டிருக்கிறது என்பதை மட்டும் ஒரு வரியில் சொல்லப் பழகுங்கள். இந்தப் பந்தி பழைய கருத்தைச் சொல்கிறது, அடுத்தது அதை மறுக்கிறது, கடைசிப் பந்தி ஆசிரியரின் சொந்த நிலைப்பாடு என்ற அளவில் போதும். ‘ஹவ்எவர்’, ‘ஆல்தோ’, ‘தேர்ஃபோர்’ போன்ற சொற்கள் வீதியோரச் சமிக்ஞைப் பலகைகள் மாதிரி. வாதம் எங்கே திரும்புகிறது என்று அவை காட்டும். விபரங்களை மனதில் ஏற்ற வேண்டாம். பந்தி திரையிலேயே இருக்கும், தேவைப்படும்போது திரும்பிப் பார்க்கலாம்.

பயிற்சிக்கு எதை வாசிப்பது? எமது மத்திய வங்கி வருடாந்தம் வெளியிடும் பொருளாதார அறிக்கையை நான் சிபாரிசு செய்வேன். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, மூன்று மொழிகளிலும் வருகிறது. ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் வாசியுங்கள். விளங்கியதை இரண்டு வரியில் எழுதுங்கள். பிறகு அதே பகுதியைத் தமிழில் பார்த்து ஒப்பிடுங்கள். எங்கே வழுக்கினீர்கள் என்று உடனே தெரிந்துவிடும்.

அடுத்தது நேரம். வேலை பார்ப்பவர்களின் முதல் முறைப்பாடு இதுதான். கட்டுகஸ்தோட்டையிலிருந்து கண்டிக்கு ஐந்து கிலோமீற்றர் அளவுதான். ஆனால் மாத்தளை வீதியும் குருநாகல் வீதியும் இங்கே வந்து சேர்வதால், காலையில் பாலத்தைத் தாண்டி மஹியாவ வழியாக நகருக்குள் நுழைவதற்குள் உயிர் போய்விடும். மாலையிலும் அதே கதை. வீட்டுக்கு வந்தால் பிள்ளைகள், விருந்தினர், கலியாண வீடு, ஜனாஸா வீடு. இரவு பத்து மணிக்குக் களைத்த மூளையோடு தர்க்கக் கேள்வி செய்வதில் பயனில்லை.

ஸுபஹுத் தொழுகைக்குப் பிறகு 45 நிமிடம் ஒதுக்குங்கள். வேர்பல் பிரிவின் முழு நேரமும் அதுதான். வாரத்தில் ஆறு நாள் என்றால் நாலரை மணித்தியாலம். பன்னிரண்டு வாரத்தில் 54 மணித்தியாலம். அது சிறிய தொகையல்ல. பஸ்ஸில் நின்றுகொண்டு கேள்வி செய்ய முடியாது. ஆனால் தொலைபேசியில் ஒரு கட்டுரையை வாசித்து, அதன் முடிவு என்ன, ஆதாரம் என்ன என்று யோசிக்கலாம். மாதத்துக்கொரு முறை வரும் போயா விடுமுறையை முழு மாதிரிப் பரீட்சைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பரீட்சையை நடத்தும் நிறுவனமே இரண்டு முழு மாதிரிப் பரீட்சைகளை இலவசமாகத் தருகிறது. ஒன்றை ஆரம்பத்தில் செய்து உங்கள் நிலையை அறிந்துகொள்ளுங்கள். மற்றையதைக் கடைசி மாதத்துக்கு வைத்திருங்கள்.

எத்தனை கேள்வி செய்தோம் என்பதைவிட, பிழைத்த கேள்வியை என்ன செய்தோம் என்பதே புள்ளியைக் கூட்டும். ஒரு கொப்பியில் நான்கு நிரல் போடுங்கள். கேள்வி எந்த வகை, நான் ஏன் பிழையான விடையைத் தெரிந்தேன், சரியான விடை ஏன் சரி, அடுத்த முறை எதைக் கவனிப்பேன். கணக்கு வேலை செய்பவர்களுக்கு இது புதிதல்ல. மீதி பொருந்தாவிட்டால் எந்தப் பதிவில் பிழை என்று தேடாமல் விடுவோமா? அதே கண்தான் இங்கேயும் தேவை. இரண்டு வாரம் எழுதினால் ஒரு கோலம் தெரியும். சிலருக்கு ‘அனுமானம்’ கேள்விகள் மட்டுமே பிழைக்கும். சிலர் கடைசி ஐந்து கேள்வியில் நேரம் போதாமல் இழப்பார்கள். நோய் தெரிந்தால் மருந்து இலகு.

நேரத்தைப் பொறுத்தவரை, 23 கேள்விக்கு 45 நிமிடம் என்றால் ஒன்றுக்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. ஒரு கேள்வியில் நான்கு நிமிடம் போராடினால் பின்னால் இரண்டு கேள்வி பலியாகும். விடையளிக்காமல் விட்ட கேள்விகளுக்குப் புள்ளி பலமாகக் குறையும். ஆகவே ஊகித்தாவது எல்லாவற்றுக்கும் விடை கொடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு பிரிவிலும் கடைசியில் மூன்று விடைகள் வரை மாற்றலாம். சந்தேகமானதைக் குறித்துவைத்துவிட்டு முன்னே செல்லுங்கள்.

இந்த உழைப்புக்கு இன்னொரு பலனும் உண்டு. தரவுப் பகுதியிலும் அட்டவணை, வரைபு, பல மூலங்களிலிருந்து வரும் தகவல் என்று வாசித்துத்தான் விடையளிக்க வேண்டும். வாசிப்புக் கூர்மையானால் மூன்றில் இரண்டு பிரிவுகள் உயரும்.

பணமும் இதில் சம்பந்தப்பட்டிருக்கிறது. பரீட்சைக் கட்டணம் டொலரில்தான். 2022 மார்ச்சுக்கு முன் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர் அதன்பின் அந்த விலைக்குத் திரும்பவே இல்லை. 16 நாள் இடைவெளியில் மீண்டும் எழுதலாம், 12 மாதத்துக்குள் ஐந்து முறை எழுதலாம் என்று விதி இருந்தாலும், எமது சம்பளத்துக்கு அது கட்டுப்படியாகாது. ஆயத்தமாகாமல் திகதி போட வேண்டாம். பெற்ற புள்ளி ஐந்து வருடத்துக்குச் செல்லுபடியாகும் என்பதால் அவசரமும் இல்லை. உள்நாட்டில் பல எம்.பி.ஏ. கற்கைகளுக்கு ஜீமெட் தேவைப்படுவதில்லை. அங்கே மட்டும் விண்ணப்பிப்பவர்கள் இந்தச் செலவை மிச்சப்படுத்தலாம். ஹைதராபாத்தின் ஐ.எஸ்.பி. போன்ற இடங்களையோ சிங்கப்பூர், ஐரோப்பா பக்கத்தையோ நினைப்பவர்களுக்குத்தான் இது. அங்கே பல கல்லூரிகள் புலமைப்பரிசில் வழங்கும்போது இந்தப் புள்ளியையும் பார்க்கின்றன. வட்டிக்குக் கடன் எடுக்க விரும்பாத எமது குடும்பங்களுக்கு, கூடுதலாகப் பெறும் ஒவ்வொரு புள்ளியும் பெறுமதியானது.

கண்டியில் 1838இல் பிறந்த எம்.சி. சித்திலெப்பை, 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தமிழில் ஆரம்பித்தார். அதே மனிதர்தான் எமது பிள்ளைகள் ஆங்கிலமும் படிக்க வேண்டும் என்று வாதாடினார். தமிழில் சிந்திப்பதும் ஆங்கிலத்தில் பரீட்சை எழுதுவதும் ஒன்றுக்கொன்று எதிரியல்ல. வீட்டில் தமிழ், கடைவீதியில் சிங்களம், அலுவலகத்தில் ஆங்கிலம் என்று மூன்று மொழியில் நாளைக் கழிக்கும் எமது இளைஞர்களுக்கு மொழி ஒரு குறையே அல்ல.

ஊர்ச் சங்கங்களிடம் ஒரு வேண்டுகோள். சாதாரண தரம், உயர்தரம் வரை மாணவர்களுக்குக் கைகொடுக்கிறோம். உத்தியோகம் கிடைத்ததும் படிப்பு முடிந்துவிட்டதாக நினைத்துவிடுகிறோம். வேலை பார்க்கும் நான்கைந்து பேர் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒன்றாக உட்கார ஓர் அறையும் ஒரு கரும்பலகையும் போதும். ஒருவர் தெரிந்த விடையை மற்றவர் “ஏன்?” என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் பழகுபவருக்கு வேர்பல் பகுதி பயமுறுத்தாது.