சுழல் குமிழும் ஜக்கார்டு அட்டையும்

முன்னுரை

மனிதன் தன் கைவேலையைக் கருவியிடம் ஒப்படைக்கும்போது அக்கருவிக்கு எதைச் சொல்லி அனுப்புகிறான் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. மண்வெட்டிக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுமில்லை. அதன் வடிவமே அதன் வேலை. வானொலிப் பெட்டியின் ஒலிக்குமிழும் அத்தகையதே. அதைச் செய்தவர் அதற்கு ஒரே ஒரு வேலையை விதித்துவிட்டார். ஆனால், தனக்கென்று ஒரு வேலையும் இல்லாமல், பயன்படுத்துவோர் எதைச் சொல்கிறாரோ அதை மட்டும் செய்யும் குமிழ் ஒன்று இன்று கணிப்பொறி மேசையில் இடம்பெற்றுள்ளது. நிரலேற்றத்தக்க சுழல் குமிழ் என்று அதனைக் கூறலாம். அது இயங்கும் முறையையும், பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற காஞ்சிபுரத்தில் அதனால் விளையத்தக்க பயனையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குமிழ் மேசைக்கு வந்த வரலாறு

1968ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அமெரிக்க அறிஞர் டக்ளஸ் எங்கெல்பார்ட், சுட்டி என்னும் கருவியை அறிஞர் அவையின் முன் இயக்கிக் காட்டினார். திரையில் ஓரிடத்தைக் காட்டுவதற்கு அது மிகப் பொருத்தமான கருவி. ஆயினும் பெரிதாக்குதல், சிறிதாக்குதல், வண்ணத்தின் அளவைக் கூட்டுதல், குறைத்தல் ஆகிய வேலைகளுக்கு இடங்காட்டும் கருவியைவிட, திருப்பும் கருவியே கைக்கு இசைவானது. 1996இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் 'இன்டெலிமவுஸ்' சுட்டியில் ஒரு சிறு சக்கரத்தைப் பொருத்தியது. இன்று நாம் அனைவரும் பக்கங்களை உருட்டிப் படிப்பது அத்தகைய சக்கரத்தாலேயே. 2001இல் கிரிஃபின் நிறுவனம் 'பவர்மேட்' என்னும் தனிக்குமிழை வெளியிட்டது. 2016இல் மைக்ரோசாஃப்ட் 'சர்ஃபேஸ் டயல்' என்னும் குமிழை அறிமுகம் செய்தது. வரைபவர் வலக்கையில் எழுதுகோலும் இடக்கையில் குமிழுமாகப் பணியாற்றுவதற்கென அது அமைக்கப்பட்டது.

இயங்கும் முறை

பழைய வானொலிக் குமிழுக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. ஓர் எல்லைக்கு மேல் அது திரும்பாது. சுழல் குமிழோ எல்லையின்றிச் சுற்றும். அது 'எங்கே நிற்கிறேன்' என்று சொல்வதில்லை. 'எந்தப் பக்கம், எத்தனை படி நகர்ந்தேன்' என்று மட்டுமே சொல்கிறது. பரவலாகக் கிடைக்கும் ஒரு வகையில் ஒரு முழுச் சுற்றுக்கு 24 படிகள் உண்டு. அதாவது, 15 பாகைக்கு ஒரு முறை விரலுக்கு ஒரு சிறு தட்டுத் தெரியும்.

வலப்பக்கம் திரும்பியதா இடப்பக்கம் திரும்பியதா என்பதை அது அறிவது எவ்வாறு? குமிழின் உள்ளே இரண்டு தொடுமுனைகள், ஒன்றுக்கொன்று சற்று முன்பின்னாக அமைந்துள்ளன. வலமாகத் திருப்பினால் முதல் முனை முந்திக்கொள்ளும். இடமாகத் திருப்பினால் இரண்டாவது முனை முந்திக்கொள்ளும். தறிக்குழியில் எந்த மிதி முதலில் அழுந்தியது என்பதைக் கொண்டு எந்த இழைகள் முதலில் எழுந்தன என்று அறிவதைப் போன்றதே இதுவும்.

குமிழின் அடியிலுள்ள சிறு நுண்கட்டுப்பாட்டுச் சில்லு இந்தப் படிகளை எண்ணி, யு.எஸ்.பி. கம்பி வழியே கணிப்பொறிக்கு அனுப்புகிறது. கணிப்பொறி அதனை ஒரு விசைப்பலகை என்றே கருதிக்கொள்கிறது. ஆகவே வலப்படி ஒன்றுக்கு ஒரு விசை, இடப்படி ஒன்றுக்கு ஒரு விசை, குமிழை அழுத்தினால் ஒரு விசை என்று நாம் விரும்பியவாறு விதித்துக்கொள்ளலாம். இவ்விதிகளின் தொகுப்பே நிரலாகும். படம் வரையும் மென்பொருளில் பெரிதாக்கும் குமிழ், ஒலிப்பதிவு மென்பொருளில் ஒலியைக் கூட்டும். நூலின் படப்பதிவைப் படிக்கும்போது பக்கம் புரட்டும். குமிழ் ஒன்றே, பொருள் மட்டும் இடத்திற்கேற்ப வேறுபடுகிறது. ஒரு சொல் பல பொருள் தருவதை இலக்கணத்தில் பயின்ற நம் மாணவர்களுக்கு இது புதிய செய்தியன்று.

தறியின் மேல் ஒரு நிரல்

இவ்வாறு கருவியையும் கட்டளையையும் வேறுவேறாகப் பிரித்து வைக்கும் எண்ணம் கணிப்பொறியோடு பிறந்ததன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத் நகரில் வாழ்ந்த பனூ மூசா உடன்பிறப்பினர் மூவர், தானே இசைக்கும் குழற்கருவி ஒன்றை விவரித்துள்ளனர். சுழலும் உருளையின் மீதிருந்த முளைகள் குழலின் துளைகளைத் திறந்தன, மூடின. முளைகளின் அமைப்பை மாற்றினால் இசையும் மாறும். 1804இல் பிரான்சு நாட்டின் லியோன் நகரைச் சேர்ந்த ஜோசப் மரீ ஜக்கார்டு, துளையிட்ட அட்டைகளால் பட்டுத்தறியை இயக்கும் அமைப்பை நிறைவு செய்தார். அவ்வட்டைகளைக் கண்டே சார்லஸ் பாபேஜ் தம் பகுப்புப் பொறிக்குக் கட்டளையிட அட்டைகளைத் தேர்ந்தார். 1890ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹோலரித்தின் பொறிகள் எண்ணியதும் துளையிட்ட அட்டைகளையே.

காஞ்சிபுரத்தின் பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில், குழித்தறியின் மேல் இவ்வட்டைகள் மாலைபோல் தொங்குவதை இன்றும் காணலாம். ஜக்கார்டு பெட்டி வருமுன் 'அடை' என்னும் நூற்கட்டு முறையில், எந்தப் பாவு இழை எப்போது எழ வேண்டும் என்பது கட்டப்பட்ட நூல்களிலேயே சேமிக்கப்பட்டிருந்தது. பின்னர் அந்நினைவு அட்டைக்கு மாறியது. அட்டையில் துளை இருந்தால் ஊசி உள்ளே செல்லும். அதற்குரிய கொக்கி மேலெழுந்து பாவு இழையைத் தூக்கும். துளை இல்லையேல் ஊசி பின்தள்ளப்படும். இழை கீழேயே நிற்கும். நெசவாளர் மிதியை அழுத்தும் ஒவ்வொரு முறையும் நான்கு பக்கம் கொண்ட கட்டை ஒரு பக்கம் உருண்டு, அடுத்த அட்டையை ஊசிகளின் முன் நிறுத்துகிறது. படிப்படியாகச் சுழன்று, படிக்கொரு கட்டளை தருவது என்ற வகையில் அந்தக் கட்டை நம் மேசைக் குமிழுக்கு மூத்த உறவு எனலாம்.

வடிவம் வரைவோருக்குப் பயன்

முன்னாளில் கரைக்கும் முந்தானைக்கும் உரிய பூவேலை கட்டத்தாளில் வரையப்பட்டது. ஒவ்வொரு கட்டமும் ஒரு பாவும் ஓர் ஊடையும் சந்திக்கும் புள்ளி. இன்று அவ்வேலை பெரும்பாலும் கணிப்பொறித் திரையில் நிகழ்கிறது. மின்னணு ஜக்கார்டு பொருத்திய தறிகளில் அட்டையே இல்லாமல் கோப்பாகச் செல்கிறது.

திரையில் வரைபவர் ஒரு கட்டத்தைத் திருத்த அருகே செல்ல வேண்டும். திருத்தியபின் முழுக்கரையையும் காண விலகி வர வேண்டும். நாளெல்லாம் இவ்விரண்டையும் மாறிமாறிச் செய்பவர் ஒவ்வொரு முறையும் சுட்டியைப் பட்டியலுக்குக் கொண்டுசென்றால், கண்ணும் கையும் வேலையை விட்டு விலகுகின்றன. இடக்கையில் குமிழ் இருந்தால் கண் வடிவத்தை விட்டு அகலாது. குமிழை அழுத்தியதும் அதன் வேலை வண்ணத்திற்கு மாறுமாறு விதித்துக்கொண்டால், அரக்கு நிறம் மெல்ல மெல்ல மாம்பழ நிறத்தை நோக்கி நகர்வதை விரலாலேயே நடத்தலாம். கோர்வைப் புடவை நெய்கையில் உடலுக்கும் கரைகளுக்குமாக மூன்று நாடாக்கள் ஓடுவதும், அதற்கென ஓர் உதவியாள் தறியருகே அமர்வதும் வழக்கம். ஒரு கை செய்ய இயலாததை மற்றொரு கை நிறைவு செய்தல் என்பது காஞ்சித் தறிக்குப் பழகிய நெறியே.

மற்றொரு பயனும் குறிப்பிடத்தக்கது. வடிவமைப்பு மென்பொருள்களின் பட்டியல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. கட்டத்தாளில் ஐம்பது ஆண்டுகள் வரைந்து தேர்ந்த முதியவர் ஒருவர், அப்பட்டியலின் முன் கைகட்டி நிற்க நேர்கிறது. குமிழில் எழுத்து எதுவும் இல்லை. வீட்டிலுள்ள இளைஞர் ஒருவர் அவருக்கு வேண்டிய நான்கு வேலைகளை அதில் விதித்துக் கொடுத்துவிட்டால், அம்முதியவரின் கைத்தேர்ச்சி மீண்டும் வடிவத்திற்குள் வருகிறது.

செய்துபார்க்க விரும்புவோர்க்கு

இக்குமிழை விலைக்கு வாங்க வேண்டும் என்பதில்லை. 2005இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் தோன்றிய 'ஆர்டுயினோ' வகையைச் சேர்ந்த, விசைப்பலகையாக இயங்கவல்ல சிறு பலகை ஒன்றும், சுழற்சி உணரி ஒன்றும், சில கம்பிகளும் போதும். இரண்டு செய்திகளை மட்டும் மனத்திற்கொள்ள வேண்டும். முதலாவது, தொடுமுனைகள் சேரும்போது நுண்ணிதாக அதிரும். அதனால் ஒரு படி இரண்டு மூன்றாக எண்ணப்படலாம். சில மில்லிவினாடிகள் பொறுத்த பின்னரே எண்ணுமாறு நிரலில் விதித்தல் வேண்டும். இரண்டாவது, ஒரே குமிழுக்குப் பல வேலைகளைச் சுமத்தினால் எது எப்போது நிகழும் என்பது விதித்தவருக்கே மறந்துபோகும். மூன்று நான்கு வேலைகளோடு நிறுத்திக்கொள்வதே நன்று. இடங்காட்டவும் எழுத்துக்களைத் தட்டவும் இது உதவாது என்பதையும் நினைவிற்கொள்க. இது துணைக்கருவியேயன்றித் தலைமைக்கருவி அன்று.

முடிவுரை

அட்டையானாலும் கோப்பானாலும், கட்டளையை எழுதுபவர் ஒருவராகவும் அதன்படி உழைப்பவர் வேறொருவராகவும் பிரிந்துவிட்ட காலம் இது. வடிவம் ஓரிடத்தில் முடிந்து வருகிறது. தறியில் அமர்ந்தவர் அதை நெய்து தருகிறார். தம் தலைக்கு மேல் தொங்கும் அட்டையில் ஒரு துளையை மாற்றும் உரிமை அவருக்குப் பல வேளைகளில் இல்லை. அவருடைய மக்களோ தறியை விட்டுக் கணிப்பொறி வகுப்பிற்கு வருகின்றனர். இரண்டும் வெவ்வேறு உலகங்கள் என்று எண்ணியே வருகின்றனர். அவ்வாறன்று என்பதைச் சிறு குமிழ் ஒன்று நமக்கு உணர்த்துகிறது. கருவியைப் பிடித்திருக்கும் கையே அதன் பொருளையும் விதிக்க முடியும் என்பதே அது தரும் பாடம்.

நெசவாளர் இல்லத்திலிருந்து வரும் மாணவச் செல்வங்கள் தாம் கற்கும் நிரலாக்கத்தை வெளியூர் வேலைக்கான படிக்கட்டாக மட்டும் கருதாது, ஒருமுறையேனும் தம் தந்தையாரின் தறிக்கருகே கொண்டுசெல்ல வேண்டும். அவர் கைக்கு எந்த வேலை வேண்டும் என்று கேட்டு, அதை ஒரு குமிழில் விதித்துக் கொடுக்க வேண்டும். ஆசிரியப் பெருமக்களும் சமுதாயப் பெரியோர்களும் அதற்கு வேண்டிய இடமும் பொருளும் தந்து துணைநிற்பார்களாயின், காஞ்சியின் கைத்திறன் கட்டளைக்குக் காத்திருக்கும் நிலை மாறிக் கட்டளையிடும் நிலைக்கு உயரும்.