செல்ஃபியும் தன்னுருவப் படமும் ஒன்றா? லட்சுமியாக நின்ற ஒரு கலைஞர் சொல்லும் பதில்

ஜோர்ஜ்டவுன்: தீபாவளி நெருங்கும்போது பினாங்கு லிட்டில் இந்தியாவில் சேலை கட்டிய இளம்பெண்கள் கைப்பேசியை உயர்த்தித் தங்களைப் படமெடுத்துக்கொள்வது வழக்கமான காட்சி. அதே வட்டாரக் கடைகளில் சாமி படங்களும் விற்கப்படுகின்றன. தாமரையில் நிற்கும் லட்சுமிக்குச் சிவந்த நிறம், நீண்ட கூந்தல், அடக்கமான பார்வை. பெண் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை நம் வீடுகளில் பதித்ததில் இப்படங்களுக்கும் பங்குண்டு.

இந்த லட்சுமியைப் பரவலாக்கியவர் ஓவியர் ரவி வர்மா. 1894இல் பம்பாயில் தொடங்கிய அவருடைய அச்சகம், அரண்மனை ஓவியங்களைச் சாதாரண வீடுகளின் சுவருக்குக் கொண்டுவந்தது.

தானே லட்சுமியானார்

ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு, பெங்களூருவைச் சேர்ந்த கலைஞர் புஷ்பமாலா என். அந்த லட்சுமியாகத் தானே வேடமிட்டுக் கேமரா முன் நின்றார். பரோடாவில் சிற்பம் பயின்றவர் அவர். புகைப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியுடன் சேர்ந்து 2000 முதல் 2004 வரை அவர் உருவாக்கிய படத்தொடரின் பெயர், 'தென்னிந்தியாவின் சுதேசிப் பெண்கள்: பழக்கவழக்கங்கள்'. காலனி காலத்து நூல் தலைப்பைப் போல் ஒலிக்கும் இப்பெயர் வேண்டுமென்றே வைத்த கிண்டல்.

ஒரு படத்தில் அவர் லட்சுமி. இன்னொன்றில் வேளாங்கண்ணி மாதா. மற்றொன்றில் 1970களின் ஜெயலலிதா படக்காட்சியை நினைவூட்டும் சாட்டை ஏந்திய நாயகி. நாளிதழில் வந்த, காவல்துறையிடம் பிடிபட்ட பெண்களின் படமும் உண்டு.

எல்லாவற்றிலும் இருப்பது ஒரே உடல்தான். உடையும் திரையும் ஒளியும் மாறும்போது அது தெய்வமாகிறது, நடிகையாகிறது, குற்றவாளியாகிறது. பிறவியிலேயே வந்ததாக நாம் நினைக்கும் 'பெண் அடையாளம்' எவ்வளவு தூரம் ஒப்பனையால் ஆனது என்பதைப் பார்ப்பவரே கண்டுகொள்கிறார்.

அளவெடுத்த கேமரா

தொடரில் மனதை உறுத்தும் படம், கட்டம் போட்ட திரையின் முன் தோடர் இனப் பெண்ணாக அவர் நிற்பது. 1869இல் ஜான் லாம்ப்ரே என்பவர், ஆளைக் கட்டங்கள் கொண்ட திரைமுன் நிறுத்திப் படமெடுத்து உடலை அளக்கும் முறையை முன்வைத்தார். ஆட்சி செய்தவர்கள் அடிமைப்பட்ட மக்களை இனவாரியாக வகைப்படுத்த இத்தகைய படங்கள் உதவின.

இது மலாயாத் தமிழருக்கும் அந்நியமான கதையல்ல. சிங்கப்பூரில் இயங்கிய ஜி.ஆர். லாம்பர்ட் நிறுவனம் போன்ற படக்கூடங்கள் 19ஆம் நூற்றாண்டில் மலாய்க்காரர், சீனர், தமிழர் எனப் பிரித்து 'இன மாதிரி' படங்களை விற்றன. அக்காலத்து அஞ்சலட்டைகளில் தமிழ்ப் பெண்ணின் பெயர் இருக்காது; 'கிளிங் பெண்' என்றே அச்சாகியிருக்கும். தன் படம் யார் கைக்குப் போகும், அதன்கீழ் என்ன எழுதப்படும் என்பதில் அவளுக்கு எந்தப் பங்கும் இல்லை.

தன்னுருவப் படம் தொடும் இடம் இதுதான். இதில் படத்தை முடிவு செய்பவரும் படத்தில் நிற்பவரும் ஒருவரே. அமெரிக்காவின் சிண்டி ஷெர்மன் 1977 முதல் 1980 வரை திரைப்பட நாயகிகளைப் போல வேடமிட்டுத் தன்னையே படமெடுத்ததும் இவ்வகைதான்.

பொத்தானை அழுத்துவது யார்?

புஷ்பமாலாவின் படங்களில் கேமராவை இயக்கியது பெரும்பாலும் மற்றவர்தான். ஆனாலும் காட்சியைத் திட்டமிட்டு நடித்தவர் அவர் என்பதால், அவற்றைப் 'புகைப்பட நிகழ்த்துகலை' என்கிறார்கள். செல்ஃபியில் விரல் நம்முடையதாக இருக்கலாம். ஆனால் நிறத்தை வெளுக்கும், கன்னத்தை ஒடுக்கும் ஃபில்டர் வேறொருவர் வகுத்த அழகு. கைப்பேசியில் ஒளிந்திருப்பது அந்தப் பழைய கட்டத் திரைதான்.

பெண் உடலைப் பேசும் கலை என்றாலே ஆடையின்மை என்று தயங்கத் தேவையில்லை. கறுத்த நிறம், பிரசவத் தழும்பு, நரைத்த தலை, வேலை செய்து காய்த்த கை ஆகியவையும் உடல்தான். அவற்றை மறைக்காமல் வைப்பதா, வேடமிட்டு மாற்றுவதா, யாருக்குக் காட்டுவது, காட்டாமலே வைத்துக்கொள்வதா என்ற முடிவுகள் அவளிடமே இருக்க வேண்டும். அஞ்சலட்டையில் பெயரில்லாமல் நின்ற பெண்ணுக்குக் கிடைக்காத உரிமை அது.