இரண்டு ஒலிவாங்கிகள் போதும்

பிள்ளை ட்றம்ஸ் பழகத் தொடங்கினால் வீட்டில் முதலில் வருவது சத்தம். அதன் பின்னால் வருவது செலவு. மூன்று வருடங்களுக்கு முன்னர், பாடசாலை இசைக்குழுவில் சேர்வதற்குத் தனது வாசிப்பை ஒலிப்பதிவு செய்து கொடுக்கவேண்டும் என்று எமது மகள் கேட்டாள். "அப்பா, ஏழு மைக் உள்ள செற் ஒண்டு இருக்குது. எல்லாரிட்டையும் அதுதான் இருக்குது" என்றாள்.

நாம் கனடாவுக்கு வந்து அப்போது இரண்டு வருடம்கூட ஆகவில்லை. வாடகை, ஊருக்கு அனுப்பும் காசு என்று கைக்கும் வாய்க்கும் சரியாக இருந்த காலம். இருந்தும் பிள்ளையின் முகம் வாடக்கூடாது என்று கடன் அட்டையில் வாங்கினோம். வீட்டுக்கு வந்த பின்புதான் விளங்கியது: கணினியுடன் இணைக்கும் எங்கள் கருவியில் இரண்டு ஒலிவாங்கிகளையே பொருத்தலாம். மற்ற ஐந்தும் பெட்டிக்குள் கிடந்தன. வட்டி மட்டும் ஏறியது.

இந்தத் தவறு உங்கள் வீட்டில் நடக்கக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இரண்டு வகை

ஒலிவாங்கிகளில் இரண்டு வகைகளை அறிந்தால் போதும். ஒன்று 'டைனமிக்'. மேடையில் பாடகர் கையில் பிடிப்பது பெரும்பாலும் இதுதான். அடிபட்டாலும் தாங்கும், பெரிய சத்தத்துக்கும் அஞ்சாது, தனியாக மின்சாரம் தேவையில்லை. மற்றது 'கண்டென்சர்'. சிம்பலின் மெல்லிய ஓசையையும் நுணுக்கமாகப் பிடிக்கும். இதற்கு 48 வோல்ற் மின்சாரம் வேண்டும். இணைக்கும் கருவியில் அந்த வசதி உண்டா என்று வாங்குமுன் பாருங்கள்.

முதலில் மலிவான கண்டென்சர் ஒன்று வாங்குங்கள். இரண்டாவது, பேஸ் ட்றம்முக்கென்றே செய்யப்பட்ட டைனமிக் ஒன்று. பாட்டு, கிற்றார் முதலியவற்றையும் வீட்டில் பதிவு செய்வதாயின், அதற்குப் பதிலாக ஷூர் எஸ்.எம். 57 வாங்கலாம். 1965 முதல் விற்பனையில் உள்ள இதன் விலை, அமெரிக்காவில் சுமார் 100 டொலர். பேஸ் ட்றம்மின் அடிக்குரல் இதில் சற்றுக் குறையும். ஆனால் வேறு பல வேலைகளுக்கு உதவும்.

எங்கே வைப்பது?

கண்டென்சரை ஸ்னெயாருக்கு நேர்மேலே ஏறக்குறைய ஒரு மீற்றர் உயரத்தில் வையுங்கள். முழுச் செற்றின் ஓசையும் அதில் விழும். மற்றதைப் பேஸ் ட்றம்மின் முன்தோலுக்கு ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். ஒரு நிமிடம் பதிவு செய்து கேளுங்கள். பிறகு சற்று நகர்த்தி மீண்டும் கேளுங்கள். காசு செலவில்லாமல் ஒலியைத் திருத்த இதைவிட நல்ல வழி இல்லை.

பிற்காலத்தில் நான்கு ஒலிவாங்கிகளை இணைக்கும் கருவி கிடைத்தால் இன்னொரு கண்டென்சரைச் சேர்க்கலாம். 1968இல் லண்டனில் லெட் செப்பலின் குழுவின் முதல் இசைத்தட்டைப் பதிவு செய்த கிளின் ஜோன்ஸ் என்பவரின் பெயராலேயே இந்த முறை அழைக்கப்படுகிறது. ஒன்று ஸ்னெயாருக்கு மேலே. மற்றது தரையில் நிற்கும் பெரிய ட்றம்மின் பக்கத்தில், ஸ்னெயாரைப் பார்த்தபடி. இரண்டும் ஸ்னெயாரின் நடுவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கவேண்டும். ஒரு நூலைப் பிடித்து அளந்தாலே போதும். ஒலி ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் சுமார் 34 சென்ரிமீற்றர்தான் செல்லும். தூரம் மாறினால் ஒரே அடி இரு வேளைகளில் பதிவாகி, ஓசை மெலிந்துவிடும்.

அறையும் தோலும்

எம்மவர் பலர் வசிக்கும் பேஸ்மன்றுகளில் கூரை தாழ்வு. மேலே வைத்த ஒலிவாங்கியில் கூரையின் எதிரொலியும் சேர்ந்து விழும். ட்றம்ஸுக்கு மேலே தடித்த போர்வை ஒன்றைக் கட்டுங்கள். கீழே கம்பளம் விரியுங்கள். தேய்ந்த தோலை மாற்றிச் சுருதி சேர்க்காவிட்டால் எவ்வளவு விலையான ஒலிவாங்கியும் அந்தக் குறையைத்தான் பதிவு செய்யும். மேல்வீட்டாரிடம் நேரத்தைச் சொல்லி வைப்பதும் நல்லது.

வாங்குமுன்

ஒலிவாங்கியின் விலையோடு தாங்கி, வயர், இணைக்கும் கருவி ஆகியவற்றின் விலையையும் கூட்டிப் பாருங்கள். பாவித்ததை வாங்கினால் அங்கேயே போட்டுக் கேளுங்கள். எஸ்.எம். 57க்குப் போலிகள் உண்டு. நம்பமுடியாத மலிவில் கிடைத்தால் விட்டுவிடுங்கள். ஒருநாள் பதிவுக்கு மட்டுமாயின் வாடகைக்கு எடுக்கலாம். கனடாவில் லோங் அன்ட் மக்குவேட் கடைகளில் அந்த வசதி உண்டு.

எமது மகள் அந்த ஏழில் இரண்டை மட்டும் வைத்தே பதிவு செய்து கொடுத்தாள். இசைக்குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். மற்ற ஐந்தையும் பாதி விலைக்கு விற்றுக் கடனில் ஒரு பகுதியை அடைத்தோம். பிள்ளைகளின் ஆசைக்குக் குறுக்கே நிற்கவேண்டாம். ஆனால் கடைக்குப் போகுமுன் அவர்களோடு ஒரு மணித்தியாலம் இருந்து, எது தேவை, எதனை எங்கே பொருத்துவது என்று கணக்குப் பாருங்கள்.