பிரிஸ்டல் பல்கலைக்கழகச் சமூக உளவியல் ஆய்வுகள்: வகைப்படுத்தலும் பாகுபாடும்

தப்பெண்ணம், குழுக்களுக்கிடையிலான உறவு, சமூக அடையாளம் ஆகியன சமூக உளவியலின் முதன்மையான ஆய்வுக்களங்கள். இம்மூன்றையும் ஒரே வினாவால் இணைத்தவை இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்த ஆய்வுகள் எனலாம். 1967இல் அங்குப் பேராசிரியராகப் பொறுப்பேற்ற ஹென்றி டாஜ்ஃபெல், போலந்தில் பிறந்த யூதர். இரண்டாம் உலகப்போரில் போர்க்கைதியாக இருந்து மீண்டபோது அவருடைய குடும்பத்தினர் கொல்லப்பட்டிருந்தனர். மனிதர் மனிதரைப் பிரித்து நோக்குவது ஏன் என்னும் வினா அவருக்கு ஏட்டளவினதன்று.

குழுப்பகைக்குப் போட்டியே காரணம் என்பது முசாபர் ஷெரீஃபின் விளக்கம். போட்டியே இல்லாதபோதும் பாகுபாடு தோன்றுமா என்பதை டாஜ்ஃபெல் குழுவினர் ஆராய்ந்தனர். 1971இல் வெளியான ஆய்வொன்றில், பால் கிளே, காண்டின்ஸ்கி ஆகியோரின் ஓவியங்களுள் யாருடையவற்றை விரும்பினர் என்பதைக்கொண்டு பிரிக்கப்பட்டதாகப் பள்ளி மாணவர்களிடம் கூறப்பட்டது. உண்மையில் அப்பிரிவு தற்செயலானதே. தமக்கெனப் பணம் ஒதுக்கிக்கொள்ளவும் வழியில்லை. எனினும், தம் குழுவினர் பெறும் தொகை குறைந்தாலும் மற்றக் குழுவினரைவிட மிகுதியாகப் பெறவேண்டும் என்னும் போக்கு அவர்களின் பங்கீட்டில் வெளிப்பட்டது.

இதனை விளக்கும் சமூக அடையாளக் கோட்பாட்டை டாஜ்ஃபெலும் ஜான் டர்னரும் 1979இல் முன்வைத்தனர். மனிதர் தன்மதிப்பின் ஒரு பகுதியைத் தம் குழுவிலிருந்து பெறுகின்றனர். ஆதலால் அதனை உயர்வாக வேறுபடுத்திக் காட்ட விழைகின்றனர். தன்குழுச் சார்பு வெறுப்பாகிவிடாது என்பதும் கருதத்தக்கது. எனவே, பாகுபாட்டை ஆராய்வோர் தனிமனித இயல்பை மட்டுமன்றி, வகைப்படுத்தும் செயலையும் ஆராய்தல் இன்றியமையாதது.