சாட்சி சொல்ல மதுரைக்கு வந்த கிணறு தெரியுமா?

“கிணத்தைக் காணோம்” என்று வடிவேலு போலீஸில் புகார் கொடுத்தபோது விழுந்து விழுந்து சிரித்தோமே, அவர் பிறந்த மதுரைக்கு வெளியூர்க் கிணறு ஒன்று தானாகவே வந்து சேர்ந்த கதை தெரியுமா? அதுவும் ஒரு பெண்ணின் கல்யாணத்துக்குச் சாட்சி சொல்ல!

கடற்கரைப் பட்டினத்து வணிகர் ஒருவர், தன் ஒரே மகள் மதுரையில் இருக்கும் மருமகனுக்குத்தான் என்று சொல்லிவைத்துவிட்டுக் கண்ணை மூடினார். மருமகனுக்கோ ஏற்கெனவே மனைவி உண்டு. பெண்ணை அழைத்துக்கொண்டு ஊர் திரும்பும் வழியில், கும்பகோணம் பக்கத்துத் திருப்புறம்பியத்தில் இரவு தங்கினான். பாம்பு கடித்து அங்கேயே செத்தான். அந்த நேரம் அங்கு வந்த ஞானசம்பந்தர் அவனை எழுப்பி, “இங்கேயே கல்யாணத்தை முடி” என்றார். சொந்தபந்தம் யாருமில்லை. வன்னி மரம், கிணறு, லிங்கம், இந்த மூன்றும்தான் சாட்சி.

மதுரையில் இரு மனைவியரின் பிள்ளைகளுக்குள் சண்டை வந்தது. அது தாய்மார் சண்டையானது. “உன்னைக் கட்டியதற்குச் சாட்சி யாரடி?” என்றாள் மூத்தவள். இளையவள் மூன்றையும் சொன்னாள். “அப்படியா, அதுகளை இங்கே வரச் சொல்லேன்!” இந்த நக்கல்தான் வினையானது. இளையவள் மீனாட்சி கோயில் பொற்றாமரைக் குளத்தில் மூழ்கி எழுந்து சொக்கநாதரிடம் முறையிட, சுமார் 200 கிலோமீட்டர் தாண்டி மூன்றும் வந்து நின்றுவிட்டன! இன்றும் சுவாமி சன்னதிப் பிரகாரத்தில் அவற்றைப் பார்க்கலாம். திருப்புறம்பியத்துச் சிவனுக்குப் பெயரே சாட்சிநாதர். கி.பி. 880 வாக்கில் பாண்டியன் வரகுணன், பல்லவ, சோழப் படைகளிடம் தோற்ற போர்க்களமும் அதே ஊர்தான்!

பரஞ்சோதி முனிவர் பாடிய 64 திருவிளையாடல்களில் இதுதான் கடைசி. 63-வதில்தான் இதே சம்பந்தர் வைகையில் விட்ட ஏடு வெள்ளத்தை எதிர்த்துப் போகிறது. அது போய்ச் சேர்ந்த இடம்? நம்ம சோழவந்தானுக்குப் பக்கத்துத் திருவேடகம்!

இன்னொன்று கேளுங்கள். சிலப்பதிகாரத்தில் கண்ணகி, புகாரில் பிறந்த பத்தினிகளை வரிசையாகச் சொல்லும்போது முதலில் சொல்வது இப்படிச் சாட்சி அழைத்த ஒரு பெண்ணைத்தான். ஆனால் அங்கே கிணறே கிடையாது! வன்னி மரத்தோடு வந்தது மடைப்பள்ளி. சமையற்கட்டே புறப்பட்டு வந்ததை நினைத்தால், எனக்கென்னவோ கிணற்றைவிட அதுதான் பெரிய அதிசயம்.

நடக்காத கிணறும் ஒன்று உண்டு. திருச்சி–துறையூர் சாலையில் திருவெள்ளறை. பல்லவன் தந்திவர்மனின் 4-ஆம் ஆட்சியாண்டில் தொடங்கி 5-ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 800 வாக்கில், கம்பன் அரையன் கட்டி முடித்த மார்ப்பிடுகு பெருங்கிணறு. மேலிருந்து பார்த்தால் அப்படியே ஸ்வஸ்திகம்! நான்கு பக்கமும் படிகள் இறங்கி மடங்கித் திரும்புவதால், ஒரு துறையில் குளிப்பவர் அடுத்த துறைக்காரர் கண்ணில் படமாட்டார். மாமியார் குளிப்பது மருமகளுக்குத் தெரியாது என்பது ஊர்ப் பேச்சு. சாட்சி சொல்ல மட்டும் இந்தக் கிணற்றைக் கூப்பிட முடியாது!