தகப்பனைத் தோளில் தூக்கியவன்

கிரின்ஸ்டெட்டில் இருந்து லெகோலாண்டுக்குக் காரில் கால் மணித்தியாலம். எங்கட பிள்ளையளுக்கு வீரர் என்றால் அங்கே விற்கிற ஸ்பைடர்மேனும் பேட்மேனும்தான். அவர்கள் எல்லாரும் நல்லவர்கள். நல்லவர் என்றபடியால்தான் வீரர்.

பழைய கிரேக்கருக்கு அப்படியில்லை. ஹோமரின் இலியட்டில் அக்கிலீஸ், தளபதி தன்னை அவமதித்துவிட்டான் என்று கோபித்துக்கொண்டு சண்டைக்கே போகாமல் இருக்கிறான். சொந்தப் படை சாகிறது. பிறகு ஹெக்டரைக் கொன்று, உடலைத் தேரில் கட்டி இழுக்கிறான். எங்கட பிள்ளையளிட்ட கேட்டால் 'வில்லன்' என்பார்கள். ஆனால் நீண்ட ஆயுளை விட அழியாத புகழ் போதும் என்றவன் அவன். கிரேக்கருக்கு அதுதான் கணக்கு.

இந்தப் புகழாசை எங்களுக்கும் புதிதில்லை. பேராசிரியர் க. கைலாசபதி பேர்மிங்ஹாமில் கிரேக்க அறிஞர் ஜோர்ஜ் தொம்சனிடம் படித்து, சங்கப் பாடல்களை ஹோமரோடு ஒப்பிட்டு ஆராய்ந்தவர். அந்த நூலை 1968இல் ஒக்ஸ்போர்டு வெளியிட்டது. பாணன் பாடினால்தான் வீரனின் பெயர் நிற்கும். இரண்டு இடத்திலும் அதே கதை.

ஒரு வித்தியாசம் எனக்குப் பிடிக்கும். ஹோமரின் வீரர்கள் பெரும்பாலும் அரசர்கள், தெய்வத்தின் பிள்ளைகள். எங்கட நடுகல் சாதாரண ஊர்க்காரனுக்கும் நின்றது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த கல்லில், மாடு கவரும் சண்டையில் இறந்த தீயன் அந்தவனின் பெயர் தமிழ்ப் பிராமியில் இருக்கிறது. பிள்ளையளுக்கு விளங்கப்படுத்த ஜெலிங்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ, பக்கத்திலதானே. அங்கே ஹரால்ட் அரசன் பத்தாம் நூற்றாண்டில் தாய் தகப்பன் நினைவாக நட்ட கல் நிற்கிறது. (உங்கட போனில் இருக்கிற புளூடூத், அவரின் பட்டப்பெயர்தான்.)

ஆனால் இலியட்டில் என்னை உலுக்கிய இடம் சண்டை இல்லை. ஹெக்டரின் கிழட்டுத் தகப்பன் பிரியாம், இரவில் எதிரியின் கூடாரத்துக்கே போய், மகனைக் கொன்றவனின் கையை முத்தமிட்டு, உடலைத் தா என்று கேட்கிறார். இரண்டு பேரும் அழுகிறார்கள். உடல் கிடைக்கிறது. அந்த உடல்கூடக் கிடைக்காத வீடுகள் எங்கட சொந்தத்துக்குள்ள எத்தனை? அக்கிலீஸை விட அந்தக் கிழவருக்குத்தான் துணிச்சல் கூட என்பேன்.

ரோமர் இன்னொரு வீரனைக் கொண்டுவந்தார்கள். வெர்ஜிலின் ஏனியாஸ், எரிகிற ட்ராயில் இருந்து தகப்பனைத் தோளில் தூக்கி, மகனைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியேறுகிறான். வீட்டுத் தெய்வங்கள் தகப்பனின் கையில். மனைவி வழியில் தவறிப்போகிறாள். திரும்பி ஓடித் தேடுகிறான், கிடைக்கவில்லை. பிறகு கப்பல், தெரியாத கரை. ரோமர் தங்கள் மூதாதை என்று கொண்டாடியது ஒரு அகதியை.

எண்பதுகளில் அகதியாக டென்மார்க்குக்கு வந்த அப்பப்பா அம்மம்மாவுக்கு இந்தக் கதையை விளங்கப்படுத்தத் தேவையில்லை. வரும்போது பெட்டிக்குள்ள என்ன இருந்தது, சாமிப்படம் வந்ததா, ஆரை விட்டிட்டு வந்தவை என்று பேரப்பிள்ளையளைக் கேட்கச் சொல்லுங்கோ. டேனிஷில கேட்டாலும் பரவாயில்லை, பக்கத்தில இருந்து நீங்கள் மொழிபெயர்க்கலாம்.