மக்கள் மனமும் நாட்டின் திட்டமும்

காற்றுக்கு எல்லைக்கோடு இல்லை. ஒரு நாட்டின் ஆலைப்புகையும் மற்றொரு நாட்டின் ஊர்திப்புகையும் வானிற் கலந்தபின், இஃது இன்னாருடையது எனப் பிரித்துக் காட்டுதல் எவர்க்கும் இயலாது. நிலக்கரியும் பெட்ரோலும் எரிவதால் எழும் கரியமில வாயு, கதிரவனால் வெப்பமுற்ற நிலம் திருப்பி வீசும் வெம்மையை விண்வெளிக்குச் செல்லவொட்டாது தடுத்து, உலகைப் போர்வைபோல் மூடி நிற்கின்றது. ஹவாய்த் தீவிலுள்ள மௌனா லோவா மலைமீது கீலிங் என்னும் அறிஞர் 1958-ஆம் ஆண்டில் அதனை அளக்கத் தொடங்கியபோது, காற்றின் பத்து இலட்சம் பங்கில் ஏறத்தாழ 315 பங்காக அஃது இருந்தது. இன்று 420 பங்கையும் கடந்துவிட்டது.

இதனைத் தடுக்க 2015-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் உலக நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. ஒவ்வொரு நாடும் தனக்கேற்ற திட்டத்தைத் தானே வகுத்துக்கொள்ளலாம் என்பது அதன் முறை. திட்டம் வகுப்போர் அரசினர். அதன் சுமையைத் தாங்குவோர் குடிமக்கள். ஆகவே, குடிமக்கள் கருத்து யாது என்னும் வினா எழுகின்றது. 2024-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் அவையின் வளர்ச்சித் திட்டத்தார் 77 நாடுகளில் 73,000-க்கும் மேற்பட்டோரை வினவினர். தம் அரசு இன்னும் உறுதியாகச் செயற்படல் வேண்டும் என்றோர் நூற்றுக்கு எண்பதின்மர். மக்கள் இவ்வாறு விரும்பியும், திட்டங்கள் பல மக்களாலேயே வீழ்த்தப்பட்டமைக்குக் காரணம் என்னை? இதனை அறிதற்கு ஸ்விட்சர்லாந்து நாட்டைக் காண்போம்.

ஆல்ப்ஸ் மலையின் மடியில் அமைந்த அந்நாட்டில், பாராளுமன்றம் இயற்றிய சட்டம் தமக்கு உடன்பாடன்று எனக் கருதுவோர், 100 நாளுக்குள் 50,000 வாக்காளரின் கையொப்பம் பெற்றுவிடின், அச்சட்டத்தை மக்களே வாக்களித்து முடிவு செய்வர். சட்டத்தின்மேல் சட்டம் செய்யும் உரிமை என இதனைக் கூறலாம். 2021-ஆம் ஆண்டு ஜூன் 13-ஆம் நாள் கரியமில வாயுச் சட்டம் இவ்வாறு மக்கள்முன் வந்தது. வானூர்திச் சீட்டு ஒன்றிற்கு 30 முதல் 120 பிராங்கு வரை தீர்வை. எரிபொருள் இறக்குமதி செய்வோர் பெட்ரோல் லிட்டர் ஒன்றிற்கு ஏற்றத்தக்க கூடுதல் விலை 12 ராப்பன் வரை. இவை அதன் கூறுகளுட் சில. திரட்டும் பொருளிற் பெரும்பகுதி மக்களுக்கே திரும்புமென அரசினர் எடுத்துரைத்தனர். எனினும், கையிலிருந்து போகும் காசு கண்ணுக்குத் தெரிந்த அளவு, திரும்பி வரும் காசு தெரியவில்லை. பேருந்து அருகிய சிற்றூர்களில் கார் இன்றி வாழ்வோர் சிலரே. அன்றே பூச்சிமருந்து பற்றிய வேறிரண்டு முன்மொழிவுகளும் வாக்குக்கு வந்தமையால் நாட்டுப்புறத்தார் பெருந்திரளாக வந்தனர். இச்சட்டத்தையும் அவர்கள் சாய்த்தனர். நூற்றுக்கு 51.6 பேர் 'வேண்டா' என்றனர்.

அடுத்த ஆண்டின் கடுங்கோடையில் அந்நாட்டுப் பனியாறுகள் தம் கொள்ளளவில் நூற்றில் ஆறு பங்கை இழந்தன. உக்கிரேன் போரால் எரிவாயு விலையும் ஏறிற்று. 2023-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாள் புதியதொரு சட்டம் வாக்குக்கு வந்தபோது, நூற்றுக்கு 59.1 பேர் 'வேண்டும்' என்றனர். பனி உருகியதால் மனமும் உருகிற்று எனக் கூறிவிடல் எளிது. ஆயின், சட்டமே மாறியிருந்தது என்பதை மறத்தல் ஆகாது. புதிய சட்டத்தில் தீர்வை இல்லை. எண்ணெயாலும் எரிவாயுவாலும் வீட்டை வெப்பப்படுத்தும் கருவிகளை மாற்றுவார்க்குப் பத்தாண்டுகளில் 200 கோடி பிராங்கு உதவித்தொகை உண்டு. 2050-க்குள் நிகர வெளியீட்டை இன்மையாக்கல் என்னும் குறிக்கோளும் அதனுடன் சேர்ந்தே நிறைவேறிற்று.

அண்டை நாடாகிய பிரான்சில் வாக்குச்சீட்டுக்கு மாறாகத் தெருவே பேசிற்று. எரிபொருள் வரி உயர்வை எதிர்த்து 2018-ஆம் ஆண்டு நவம்பரில், ஒவ்வொரு காரிலும் இருத்தல் வேண்டும் எனச் சட்டம் விதித்த மஞ்சள் மேற்சட்டையை அணிந்து மக்கள் சாலைகளை மறித்தனர். செல்வர்க்குரிய வரியைக் குறைத்த அதே அரசு, நெடுந்தொலைவு சென்று உழைப்பார்மேல் வரி ஏற்றுவது முறையோ என்பது அவர்தம் வினா. திசம்பரில் அவ்வுயர்வு கைவிடப்பட்டது. பின்னர், குலுக்கல் முறையில் 150 குடிமக்களைத் தெரிந்து, வல்லுநரோடு இருத்தி, திட்டம் வகுக்குமாறு அரசு வேண்டிற்று. அவருள் பதினாறு வயதினரும் இருந்தனர் என்பதை மாணவர்கள் கருதுக. நான்கு மணி நேரத்திற்குள் இரயிலிற் செல்லத்தக்க ஊர்களுக்கு உள்நாட்டு வானூர்தி வேண்டா என்று அவர்கள் கூற, 2021-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை இரண்டரை மணி நேரமாகக் குறைத்தது. அரசினும் குடிமக்களே துணிவுடையராக நின்ற இடம் இது.

சுமையோடு பயனும் தம்மைச் சேருமாயின் மக்கள் ஏற்பர் என்பதற்கு டென்மார்க்கின் சாம்சோ தீவு சான்று. 4,000 பேருக்கும் குறைவானோர் வாழும் அத்தீவு, 1997-ஆம் ஆண்டில் அரசு நடத்திய போட்டியில் தெரிவு செய்யப்பட்டது. ஆங்குள்ள காற்றாலைகளிற் பல, உழவர்க்கும் கூட்டுறவாகப் பங்கு வாங்கிய ஊரார்க்கும் உரியவை. தனக்குரிய காற்றாலையின் ஓசை ஒருவன் செவிக்கு இன்னாததாக இராது போலும்!

மீண்டும் ஸ்விட்சர்லாந்துக்கு வருவோம். வெப்ப அலை முதியோரை, அவருள்ளும் பெண்டிரை, மிக வருத்துகின்றது. அரசு எம்மைக் காக்கத் தவறிற்று என அந்நாட்டு மூதாட்டியர் ஈராயிரவர்க்கு மேற்பட்டோர் கூடிய சங்கம் ஒன்று வழக்குத் தொடுத்தது. உள்நாட்டு மன்றங்கள் தள்ளிய அவ்வழக்கில், ஸ்டிராஸ்பூர்க் நகரிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2024-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் நாள் அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. என் வயதினர் பெற்ற வெற்றியாதலின் படித்து மகிழ்ந்தேன். ஆயின், அவ்வாண்டு ஜூன் திங்களில் பாராளுமன்றத்தின் ஈரவைகளும், நாடு தன் கடமையைச் செய்தே வருகின்றது, நீதிமன்றம் தன் எல்லையைக் கடந்துவிட்டது என்று அறிக்கை நிறைவேற்றின. மூதாட்டியரோ, சட்டம் இயற்றுவது மக்கள் உரிமையாயினும், உயிரைக் காக்கும் கடமை வாக்கெண்ணிக்கைக்குக் கட்டுப்படுவதன்று என விடையிறுத்தனர்.